வெறுங்கால் வாக்கெடுப்பு

சாவியோடு சேர்த்து
ஒரு கம்பளத்தையும் வாங்கியிருந்தோம்.
உறுதியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.
பதினொரு பேர்ச்சஸ், தகரக்கூரை,
கிழக்கே வாய்க்கால் எல்லை,
நொத்தாரிசு எழுதியது அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் பச்சையாம்.
இப்போது அதற்கு
ஊறிச் சலித்த தேயிலைச் சக்கையின் நிறம்.
கட்டில் கிடந்த இடத்திலிருந்து சன்னலுக்கு ஒரு தடம்,
நூல் நூலாய்த் தேய்ந்து
சணல் தெரியும்வரை இறங்கியிருந்தது.
சுவரோரம் நான்கு குழிகள்:
மிஸ் ஓல்காவின் பியானோ.
அதை அவர் லொறியேற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்,
பாரத்தை மட்டும் இங்கே வைத்துவிட்டு.

கிருபை ஒரு முனை, நான் ஒரு முனை.
இழுத்தோம். தும்மினோம்.
ஆணி ஆணியாய்க் கழன்றது முப்பது வருடம்.
அடியில்
மணல், கொண்டையூசி, காய்ந்த பூரான்,
ஓர் இருபத்தைந்து சதம்,
எந்த வருடத்தினதோ மழை எச்சரிக்கையோடு
ஒரு கிழிந்த செய்தித்தாள்.
அதற்கும் அடியில்
ஈரம் குடித்துக் கறுத்த சீமெந்து.
காப்பாற்றி வைக்க எதுவும் இல்லை.
"நல்ல பலகை இருக்கும்னு நெனச்சேன்" என்றான்.
நானும் நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

நுவரெலியா டவுனில்
ரிஸ்வி முதலாளி மாதிரிகளை அடுக்கினார்,
பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பலகாரத் தட்டு வைப்பதுபோல.
பளபளக்கும் வெள்ளை டைல்ஸ்:
"மெடம், இதுல மொகம் பாக்கலாம்."
என் முகம்
தபால் கந்தோர்க் கண்ணாடித் தடுப்பில்
நாள் முழுக்கத் தெரிகிறது, போதும்.
மரம் போன்ற வினைல்.
மரம் போன்ற லெமினேட்.
பிறகு மரம்.
அதன் விலையை மட்டும் தாளில் எழுதி
எங்கள் பக்கம் தள்ளினார்,
சத்தமாகச் சொல்லக்கூடாத வியாதிபோல.

கிருபைக்கு வெள்ளைதான் வேண்டும்.
அவன் வளர்ந்த லயத்தில்
தரைக்கென்று ஒரு நிறம் கிடையாது.
மெழுகிய நாளில் ஒன்று, ஒழுகிய நாளில் ஒன்று.
"வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும்.
ஒரு சொட்டு அழுக்கு விழுந்தாலும் நமக்குத் தெரியணும்."
அதைக் கேட்ட பிறகு
அவனோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை.
வாதாடினேன்.

அன்றிரவு நாலு மாதிரிகளையும்
வெற்று அறையில் வரிசையாய் வைத்தேன்.
காலை ஐந்து மணி, ஜனவரி,
வெளியே கரட் பாத்திகளில் வெள்ளையாய் உறைபனி.
காலுறை கழற்றி
ஒவ்வொன்றிலும் ஏறி நின்றோம், நூறு எண்ணும்வரை
என்பது ஒப்பந்தம்.
டைல்ஸில் பதினேழில் அவன் இறங்கிவிட்டான்.
"வழுக்குது."
வழுக்கவில்லை.
வினைலில் நூறைத் தாண்டி
நூற்றிருபதுவரை நின்றான்,
கண்ணை மூடிக்கொண்டு,
எண்ணுவதை நிறுத்திவிட்டு.
எண்ணியது நான்.

முன்னறைக்கு வெள்ளை டைல்ஸ்.
அந்தளவு நான் விட்டுக்கொடுத்தேன்.
தர்மசிறி பாஸ் மூன்று நாளென்று தொடங்கி
பதினாறில் முடித்தார்;
அதில் ஐந்து நாள் ஈரம் காயக் காத்திருந்தது,
மூன்று நாள் அவருடைய மைத்துனரின் கல்யாணம்.
பழைய கம்பளத்தைக்
கீழ்வீட்டு ஞானசீலி ஆட்டுப்பட்டிக்குக் கேட்டாள்.
இப்போது பியானோ நின்ற இடத்தில்
மூன்று ஆடுகள் படுத்து அசைபோடுகின்றன.

வங்கிக்கு இன்னும் நூற்று எழுபத்தெட்டுத் தவணை.
புதுத் தரையில் கீறல் இல்லை, தடம் இல்லை.
முன்னறையில் கிருபை
இரண்டு காலுறை போட்டு நடக்கிறான், கேட்டால்
தரை அழுக்காகிவிடுமாம்.

நான் விடிந்ததும்
தேத்தண்ணிக் கோப்பையோடு
பனி விலகியதா என்று பார்க்க
கட்டிலிலிருந்து சன்னலுக்குப் போகிறேன்.
ஒன்பது எட்டு.
மிஸ் ஓல்கா என்னைவிடக் குள்ளம்.
அவருக்குப் பதினொன்று இருந்திருக்கும்.